கோமி படிக்க வந்தவள்

“மாஸ்கோவில இருக்கறவ பிரெஞ்சு படிப்பா, சீன பாஷை படிப்பா. நீ லீவு போட்டுட்டு இந்த சிக்திவ்கருக்கு வந்து எங்க கோமி பாஷையைப் படிக்கற. என் சொந்த மகளே அதுல வாயைத் திறக்க மாட்டா” என்றாள் அக்னியா, உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவிக்கொண்டே.

“பிடிச்சிருக்கு, அக்னியா இவானோவ்னா. அவ்வளவுதான்” என்று சிரித்தாள் வெரோனிகா.

வட ரஷ்யாவில் கோமி மக்கள் வாழும் அந்த நகரத்துக்குக் கோடைக்கால மொழி வகுப்புக்காக வந்தவள், அக்னியாவின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் மியூசியம், நாட்டுப்பாடல், ஆற்றங்கரை என்று கிளம்பிவிடுவார்கள். இவள் மட்டும் நேராக வீட்டுக்கு வந்து சமையலறையில் அக்னியாவைப் பிடித்துக்கொள்வாள்.

கேட்பதும் வினோதமாக இருக்கும். கடையில் பேசவோ வழி கேட்கவோ அவள் படிக்கவில்லை.

“‘வலிக்குதா’ன்னு எப்படிக் கேக்கணும்?”

“‘இன்னும் ஒரு வாய் சாப்பிடு’ன்னு?”

“‘பயப்படாதே, பக்கத்திலதான் இருக்கேன்’னு?”

சொல்லிக்கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். உச்சரிப்பு பிசகினால் முகம் வாடிவிடும்.

மாடி வீட்டுத் தமாரா இதைக் கேட்டுவிட்டு அக்னியாவைத் தனியே இழுத்தாள். “இதுகூடப் புரியலையா உனக்கு? நம்ம ஊர்க்காரன் எவனோ அங்க இவளை மயக்கி வச்சிருக்கான். ஊட்டி விடறதுக்குப் பாஷை படிக்கறா பாரு.”

அக்னியாவுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் சந்தோஷமாக இல்லை. இவ்வளவு ஆசையோடு ஒருத்தி படிக்கிறாள். அந்த ஆள் அதற்குத் தகுதியானவன்தானா?

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்பவாவது சொல்லு. ஆளு எப்படி? குடிப்பானா?” என்றாள் தமாரா.

வெரோனிகா கோப்பையைக் கீழே வைத்தாள். “ஒண்ணு கேக்கணும். வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும், தைரியம் வரலை. ‘முசா நிலோய்’னா என்ன அர்த்தம்?”

“பாத்தியா, நான் சொல்லலை? கொஞ்சறான்” என்று தமாரா கண்ணைச் சிமிட்டினாள்.

அக்னியா சிரிக்கவில்லை. “சும்மா இரு தமாரா. காதலிக்கிறவன் அப்படிக் கூப்பிட மாட்டான். ‘என் செல்ல மகளே’ன்னு அர்த்தம். பெத்தவங்க கூப்பிடறது. யார் உன்னை அப்படிக் கூப்பிட்டாங்க?”



“அம்மா” என்றாள் வெரோனிகா. “இந்தப் பக்கத்துக் கிராமம்தான் அவங்களுக்கு. மாஸ்கோவில கேலி பண்ணுவாங்கன்னு, வீட்டுல ஒரு வார்த்தை கோமி பேசினதில்லை. போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. ரஷ்ய மொழி சுத்தமா மறந்துபோச்சு. கோமி மட்டும்தான் வருது.”

தமாரா தலையைக் குனிந்துகொண்டாள். அக்னியா வெரோனிகாவின் கையைப் பற்றினாள். “அதான் வலிக்குதா, சாப்பிடறியான்னு...”

“ஆமா. எங்களுக்குள்ள என்னைக்குமே ஒத்துப்போனதில்லை. அம்மாவுக்கு என்னைப் பிடிக்காதுன்னுதான் நினைச்சு வளர்ந்தேன்.” வெரோனிகா நிமிர்ந்து அக்னியாவைப் பார்த்தாள். “இப்போ துணி மாத்தி விடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து இந்த வார்த்தையைத்தான் சொல்றாங்க. ஒரு வருஷமா, திட்டறாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன்.”