கோடு விழவில்லை

இளவரசன் காலிக் குப்பியைக் கவுன்டர் மேல் வைத்தான்.

"யக்கா, போன பொதன்கிழமை இருமலுக்குன்னு நீங்க குடுத்தீங்களே, அந்த டானிக்கு. இதுல எதுனா இருக்குமாக்கா?"

நான் கெங்கம்மாளுக்கு முட்டிவலித் தைலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து மிதித்தால் முட்டி என்னத்துக்கு ஆகும்? வாரம் ஒரு தைலம் அவளுக்கு.

"இருப்பா" என்றேன்.

இருந்தான். தருமன் மகன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பான். காலனிப் பையன்தான், ஆனாலும் சட்டை இஸ்திரி போட்டிருக்கும், பேச்சில் மரியாதை இருக்கும். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

செய்யாரில் ஒரு கம்பெனியில் வேலை. எழுத்துப் பரீட்சை தேறிவிட்டான், இன்டர்வியூ தேறிவிட்டான். கடைசியாக ஒரு மூத்திரப் பரிசோதனை. போதை மருந்து எடுக்கிற ஆளா என்று பார்ப்பார்களாம். மூத்திரம் பிடிக்கிற கப்பிலேயே ஒட்டியிருக்கும் பட்டையில் அபின் வகைக்கு நேராகக் கோடு விழவில்லை.

கர்ப்பம் பார்க்கிற அட்டையில் பழகினவர்களுக்கு இது குழப்பும். இதில் கோடு விழுந்தால் நல்லவன். விழாவிட்டால்தான் மாட்டினான்.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் டாக்டர் சீட்டோ, மருந்துக்கடை பில்லோ, கடைக்காரர் எழுதிக் கொடுத்த காகிதமோ கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவனுக்கு.

"நான் பீடிகூட பிடிக்கறதில்லக்கா. உங்களுக்கே தெரியும்."

தெரியும்.

இன்னும் நிறையத் தெரியும். போன மாதம் வேலூரில் மருந்தாளுநர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். மத்தியானம் பிரியாணி என்று சொன்னதால் போனேன், பாடமும் நன்றாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தக் கப்பில் தெரிவது வெறும் சந்தேகம், முடிவு இல்லை. சில இருமல் டானிக்கில் கோடீன் இருக்கும். உடம்புக்குள் போனதும் அதில் கொஞ்சம் மார்பினாக மாறும், இரண்டு மூன்று நாள் மூத்திரத்தில் நிற்கும். கப்புக்கு அதுவும் ஒன்றுதான், அபினும் ஒன்றுதான். மிச்சத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பி மெஷினில் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கேட்டால் அனுப்புவார்கள், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது மருந்துக்கடைக்காரர்தான் என்று வகுப்பெடுத்தவர் இரண்டு முறை சொன்னார்.

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் கோடீன் என்று இருந்தது. ஐ.டி.ஐ. முடித்தவன், படித்துத்தான் இருப்பான். படித்தாலும் அது என்னவென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"இருமல் டானிக்குல இன்னாப்பா இருக்கும்? கொழந்தைங்களுக்கே குடுக்கறது."

"அப்போ எப்படிக்கா..."

"அத நீதான் சொல்லணும்."

கெங்கம்மாள் தைலம் வாங்கியும் போகாமல் மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டு நின்றாள். "இன்னாத்தயோ அடிச்சிட்டு டானிக்கு மேல பழி போடறான். பொழைக்கத் தெரிஞ்ச புள்ள" என்றாள்.

இருட்டுவதற்குள் இந்தப் பேச்சு முள்ளிப்பட்டு வரைக்கும் போய்விடும். அதற்காகத்தான் நானும் கொஞ்சம் உரக்கப் பேசினேன்.

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. நீங்க குடுத்ததுன்னு."

டாக்டர் சீட்டு இல்லாமல் கோடீன் டானிக் கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும். இருபத்திரண்டு வருடக் கடை. நீங்களாக இருந்தாலும் போட மாட்டீர்கள்.

"இது எங்க கடைக் குப்பியே இல்லப்பா. நல்லா யோசிச்சுப் பாரு. வேற எங்கனா வாங்கியிருப்ப."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். பெரியவர்கள் ஒன்று சொன்னால் தன்மேலேயே சந்தேகம் வருகிற மாதிரி வளர்த்து வைத்திருக்கிறான் தருமன்.

"காலிக் குப்பிய எதுக்குத் தூக்கினு சுத்தற? குடு, நான் போட்டுடறேன்."

இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினான்.

லேபிளை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டினேன். குப்பியைக் குப்பையில் போட்டேன்.

லைசென்ஸ் பயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, என் மகள் பானுப்ரியா குளிக்கப் போயிருந்தபோது அவள் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. இளவரசன் அனுப்பியது. 'வியாழக்கிழமை டெஸ்ட். ஆர்டர் கைக்கு வந்த மறுநாளே ரிஜிஸ்டர் ஆபீஸ். உங்கம்மா ஒத்துக்கினா சரி, ஒத்துக்கலன்னாலும் சரி.'

போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதன்கிழமை காலை இவன் இருமிக்கொண்டே வந்து நின்றான். மறுநாள் டெஸ்ட் என்று என்னிடம் சொல்லவில்லை. கண் மட்டும் எங்கள் மாடிப்படிப் பக்கம் போய்ப்போய் வந்தது.

இருமலுக்கு அலமாரியில் ஏழு வகை டானிக் இருந்தது. நான் நிதானமாகத்தான் எடுத்தேன்.

"ராத்திரி ரெண்டு மூடி குடி. நாளைக்குக் காலையிலயும் மறந்துடாத, கண்ணு."