பலூன் செய்த வேலை

கரையான்சாவடி ஜூஸ் கடையின் உள்மூலையில், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பால்ராஜ் இரண்டாவது சப்போட்டா மில்க் ஷேக்கைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமே, இங்க குந்திகினு கீற?"

கம்பெனியில் கூட வேலை செய்யும் வேலுசாமி. பால்ராஜ் அவசரமாக கிளாஸைக் கீழே வைத்தான்.

"உன் ஊட்டுக்காரம்மாவ மேனாம்பேடு ரேஷன் கடையாண்ட பாத்தேன். அடையாளமே தெரில, பாதியா எளைச்சி கீது. எளைக்கறதுக்கு ஆஸ்பத்திரில வயித்துக்குள்ள பலூன் வெச்சதா உங்க தெருவுல பேசிகினாங்க. நல்லாத்தான் வேலை செய்து போல."

பால்ராஜ் கிளாஸைச் சுவரோரமாக நகர்த்தினான்.

"சரி, பக்கத்துக் கடைல பரோட்டா சூடா கீது. சொல்லட்டா?"

"வேணாம்பா. எறங்காது."

"அதுவும் சரிதான். அது அங்க வயித்தக் கட்டிகினு கெடக்கசொல்ல, உனக்கு மட்டும் எப்டி எறங்கும்."

வேலுசாமி ஆறுதலாகத்தான் சொன்னான். பால்ராஜுக்குச் செவிட்டில் அறைந்தது போலிருந்தது. நாளையிலிருந்து இந்தப் பக்கமே வரக் கூடாது என்று தினமும்தான் நினைத்தான். மிச்சத்தையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

வீட்டில் வனஜா ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டாள். ஜாக்கெட் தோளிலிருந்து நழுவாமல் ஊக்கு குத்தியிருந்தாள்.

"இன்னொண்ணு வெச்சிக்கோ வனஜா. கண்ணெல்லாம் உள்ள பூட்ச்சி."

"போதும் மாமா. நீயும் அவ்ளோதான துன்ற."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குடித்ததைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அடுப்படிக்குப் போனவள் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது.

இந்தப் பருமனோடு இதயம் தாங்காது என்று டாக்டர் பயமுறுத்தியதால் வைத்த பலூன் அது. ஆறு மாதம் முடிந்து அதை எடுக்க வேண்டிய நாளில் இருவரும் பஸ் பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"ஒண்ணும் ஆவாது மாமா" என்று வழியெல்லாம் வனஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பலூன் வைத்த டாக்டர் லீவில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்த இளம் டாக்டர், வனஜாவின் துருத்திய தோளெலும்பைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"பலூனால இவ்வளவு குறைஞ்சு நான் பார்த்ததே இல்லம்மா. வாங்க, ஏறிப் படுங்க. எடுத்துடலாம்."

வனஜா நகரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பால்ராஜ் சட்டைப் பட்டனைக் கழற்றினான்.

"பலூன் என் வயித்துல கீது சார்."