கால்வாசி திறந்த வால்வு

ஊர்த் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் பொற்கொடி, புதுப் போர்க் கிணற்றின் குழாயடியில் வெள்ளைப் பீங்கான் தட்டோடு குந்தியிருக்கிறாள். சுரங்க மண்மேட்டைத் தாண்டி வந்த வெயில் தட்டில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. நேற்று தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் தெருவே கூச்சல் போட, அவள்தான் வால்வை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்த வேகத்தில் அடிமணலும் கிளம்பி வந்து குடத்துக்குக் கால் குடம் சேறாக நின்றது. இன்றும் மணல் வந்தால் போரை மூடிவிடுவார்கள். பழையபடி லாரித் தண்ணீர்தான். போர் போட்ட செந்தில்நாதன் வால்வைக் கால்வாசிக்கு மேல் திறக்க விடவில்லை. "மெதுவா எடுத்தா மணலு கீழயே தங்கிடுங்க. அவசரப்பட்டாத்தான் கூடவே கெளம்பிடும்." தண்ணீர் விரல் தடிமனில் சத்தமில்லாமல் விழுகிறது. பொற்கொடி அதைத் தட்டில் பிடித்துச் சுழற்றிச் சாய்க்கிறாள். அடியில் வரைந்த ரோஜாப்பூ பளிச்சென்று தெரிகிறது. கண்ணை நம்பாமல் ஒரு வாய் அள்ளிப் பல்லுக்கிடையே மெல்லுகிறாள். குடங்களோடு நிற்கும் அத்தனை பேரும் அவள் தாடையையே பார்க்கிறார்கள். "இன்னாடி, நறநறங்குதா?" என்கிறாள் முதல் குடத்துக்காரி வள்ளியம்மாள். பொற்கொடி இன்னொரு வாய் அள்ளி, இந்த முறை மெல்லாமல், மடக்கென்று குடிக்கிறாள்.