கயிற்றடியில்

முத்தரசியின் உள்ளங்கைகள் காய்த்துப் போயிருந்தன. போலீஸ் தேர்வுக்கென்று அண்ணன் புளியமரத்தில் கட்டிய கயிறு. அவன் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போன பிறகு, ஒரு வருடமாக அவள்தான் ஏறிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு வைக்கும் தேர்வைத்தான் தனக்கும் வைப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

“கயிறு ஆம்பளைங்களுக்கும்மா. உனக்குப் பந்துதான்” என்று தேர்வு மைதானத்தில் பெண் காவலர் ஒரு கிரிக்கெட் பந்தை அவள் கையில் வைத்தார்.

அது இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெருவில் பையன்கள் ஆடும்போது வாசலுக்கு உருண்டு வந்ததை எடுத்துக் கொடுத்ததோடு சரி. எறி என்று யாரும் சொன்னதில்லை. மூன்று வாய்ப்பிலும் பந்து கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தது.

“அவ்ளோதாம்மா. அடுத்த தடவ பாத்துக்கோ.”

அவள் வெளியே போகவில்லை. மைதானத்தின் மறுகோடியில் கயிறு தொங்கிய இடத்துக்குப் போனாள். வரிசையில் நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். “யக்கா, துணி காயப்போடுற கயிறு அந்தப் பக்கம்!”

கயிற்றைப் பிடித்ததும் உடம்பு தானாக மேலே போனது. பாதி உயரத்தில் கீழே சிரிப்பு அடங்கியது.

“இதுக்கு மார்க் கெடையாதும்மா, எறங்கு!” என்றார் கயிற்றடியில் நேரம் குறித்துக்கொண்டிருந்த ஏட்டு.

உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

ஏட்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தது. அதில் நின்றிருந்த நேரத்தைப் பார்த்தார், அதுவரை ஏறியவர்களின் நேரம் எழுதிய தாளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். “அடுத்தவன் வா” என்றார்.

அடுத்தவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஏட்டு இன்னும் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை.