திறக்காத கேரியர்

“தோன்கோ பெரியவர் எங்க தேவாலயத்து ஆளு! எங்க சாப்பாட்டுல தேறினவர். அவரையும் வளைச்சுப் போட்டாச்சா?”

ஸ்லாட்காவின் குரலில் நகராட்சிக் கூடமே அதிர்ந்தது. தேவாலயத்தின் இலவசச் சமையலறையை நடத்துபவள் அவள். எதிரே அமர்ந்திருந்த ரைனா, முதியோருக்கு வீடு தேடிச் சாப்பாடு அனுப்பும் நகராட்சிச் சமையலறையின் பொறுப்பாளர். ஒருவருக்கே இரண்டு இடத்துச் சாப்பாடு போய் வீணாகாமல், தெருக்களைப் பங்கிட்டுக்கொள்ளத்தான் இந்தக் கூட்டம்.

பங்காவது! ஸ்லாட்காவுக்கு வயிறு எரிந்தது. அடுப்படியில் வேகுபவள் அவள். கடைத்தெருவில் ஜனங்கள் நின்று கும்பிடுவதோ ரைனாவை. “ரைனாவோட பீன்ஸ் சூப் மாதிரி வருமா?” என்று பாதிரியாரே ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஸ்லாட்கா பீன்ஸையே தொடுவதில்லை.

“அக்கா, ஆத்துக்கு அந்தப் பக்கம் முழுக்க நீங்களே எடுத்துக்குங்க,” என்றாள் ரைனா. “தோன்கோவுக்கு மட்டும் ரெண்டு பேருமே அனுப்புவோம்.”

“ஏன், அவருக்கு ரெண்டு வயிறா? ஓர் ஆளுக்கு ஒரு கேரியர். பெத்த பிள்ளை ஊர்லயே இருந்தா அதுவும் கிடையாது. நான் கொண்டுவந்த சட்டம்தானே? நீயும்தானே கை தூக்கினே?”

“தூக்கினேன்.”

ரைனா கையிலிருந்த தெருப் பட்டியலை மடித்து வைத்தாள். அதுவும் ஸ்லாட்காவுக்குத் தந்திரமாகவே பட்டது.

“வா, அவரையே கேட்டுடலாம். யாரோட கேரியர் வேணும்னு அவர் வாயாலயே சொல்லட்டும்.”

“வேண்டாங்க்கா.”

“ஏன், தோத்துடுவேன்னு பயமா?”

தோன்கோவின் தெரு ஸ்லாட்காவுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கேரியர்களைக் கொண்டுபோக ஆட்கள் இருந்ததால், அவள் அந்தப் பக்கம் வந்து வெகு காலமாகியிருந்தது.

கதவைத் திறந்த தோன்கோ இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் விழித்தார். மேசைமேல் இரண்டு கேரியர்கள். ரைனாவினுடையது திறந்து, பாதி காலியாக இருந்தது. ஸ்லாட்காவினுடையது மூடி திறக்காமல், ஒரு கம்பளித் துணியில் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

ஸ்லாட்காவின் முகம் சிவந்தது.

“ஓ! அவ சூப்பு இனிக்குது, என் சாப்பாடு ஓரத்துல கிடக்குதா? பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லணும் பெரியவரே! எதுக்கு ரெண்டையும் வாங்கிப் பதுக்கறீங்க?”

“அக்கா, போதும். வாங்க போகலாம்,” ரைனா அவள் கையைப் பிடித்தாள். “தெருவெல்லாம் உங்களுக்கே. நான் விட்டுக்கொடுத்துடறேன்.”

“நீ யாருடி எனக்கு விட்டுக்கொடுக்க?”

தோன்கோ ரைனாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“பதுக்கலேம்மா. சூடு ஆறாம இருக்கத்தான் சுத்தி வச்சிருக்கேன். அது பக்கத்து வீட்டுல இருக்கற உங்கம்மாவுக்கு. பொண்ணு ஊர்லயே இருக்கறதால அவங்க பேரை எங்கேயும் சேர்க்க முடியாதாமே? இடுப்பு பிடிச்சு, அடுப்புகிட்ட நிக்க முடியல அவங்களுக்கு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ரைனாவோட சூப்பைத்தான் முதல்ல கொண்டுபோய்க் கொடுத்தேன், தொடலை. ‘எம் பொண்ணு ஆக்கினதுன்னா மட்டும் கொண்டா’ன்னுட்டாங்க.”