மூவாயிரம் வருஷத்து எலும்பு

பொக்லைனை அணைத்துவிட்டு தோஃபிஸ் கீழே குதித்தான்.

"ஹாம்பிஸ் அண்ணே, உள்ள ஆள் இருக்காருண்ணே."

ஹாம்பிஸ் குழிக்குள் எட்டிப் பார்த்தான். செம்மண்ணில் பாதி புதைந்து ஒரு மண்டை ஓடு. பல் வரிசை அப்படியே இருந்தது.

அவன் பயந்துவிட்டான். செத்தவனைப் பார்த்து அல்ல. தொல்லியல் துறையை நினைத்து.

சைப்ரஸில் மண்வெட்டி வைத்த இடமெல்லாம் பழங்காலத்துக் கல்லறைதான். கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னால் வேலை நிற்கும்.

பக்கத்து மனைக்காரர் யாங்கோஸ் யோக்கியமாகப் போய்ச் சொன்னார். கிடைத்தது என்னவோ இரண்டு பானையும் ஒரு தாடை எலும்பும். ஒன்பது வருஷமாக அவர் மனையைச் சுற்றிக் கம்பி வேலி, உள்ளே முள்ளும் ஓணானும். அவர் மகள் வாடகை வீட்டிலேயே இரண்டு பிள்ளை பெற்றுவிட்டாள்.

ஹாம்பிஸின் மகள் ஸ்தாலோவுக்கு அடுத்த ஆகஸ்டில் கல்யாணம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பன் கடமை. வீடு இல்லாமல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சர்ச்சில் நிற்பது?

அஸ்திவாரத்துக்கு இந்த மூலையை ஓர் அடி ஆழப்படுத்துவது ஒன்றுதான் பாக்கி. கம்பிக்கூடு கட்டித் தயாராகக் கிடந்தது. கான்க்ரீட் லாரி கிளம்பிவிட்டது.

உண்மையில் இந்த மூலைக்கு வந்திருக்கவே வேண்டாம். மனையை எழுதிக் கொடுத்த அன்றே அப்பா பியெரிஸ் கெஞ்சாத குறையாகச் சொன்னார், வீட்டை ரோட்டை ஒட்டிக் கட்டு, பின்பக்கம் தோண்டாதே என்று. நகரமைப்பு அலுவலகம் விட்டால்தானே! ரோட்டிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் சுவர் என்று வரைபடத்தில் கோடு கிழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிழவருக்குப் பின்பக்கத்து மரங்கள் மேல் பாசம் போல என்று ஹாம்பிஸ் விட்டுவிட்டான்.

அப்பா இப்போதும் அங்கேதான், ஒலிவ மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை. கைக்கெட்டும் தூரம் தாண்டி எதுவும் தெரியாது.

"ஏன்டா சத்தம் நின்னுபோச்சு?"

"எலும்புப்பா. பழைய எலும்பு."

அப்பா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மூடு," என்றார். "ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடாத. மூடு."

அப்பாடா என்றிருந்தது ஹாம்பிஸுக்கு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷர், பாவம் கீவம் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்திருந்தான்.

"மூவாயிரம் வருஷமா கெடந்தவரு, இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்ணே," என்று தோஃபிஸ் சிரித்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டான்.

இந்த ஊரில் எந்த எலும்புக்கும் மூவாயிரம் வருஷத்துக்குக் குறைந்து யாரும் வயது சொல்வதில்லை. குழிக்குள் இறங்கிப் பார்ப்பதும் இல்லை. பார்த்தால் பார்த்ததாகிவிடும் அல்லவா?

கம்பிக்கூட்டை இறக்கினார்கள். லாரி வந்தது. சாம்பல் நிறக் குழம்பு இறங்கி, அந்தப் பல் வரிசையை மூடி, மேலே ஏறி மட்டமானது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

லாரி போன பிறகு தோஃபிஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பச்சைக் களிம்பு ஏறிய ஒரு மண்கட்டியை ஹாம்பிஸின் கையில் திணித்தான்.

"மண்ணோட வந்துச்சு. வெண்கலம்ணே! மியூசியத்துல வைக்கிற சாமான். உங்க மனை, நீங்களே வச்சுக்கோங்க."

ஹாம்பிஸ் குழாயடியில் உட்கார்ந்து கழுவினான். கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்க மண் கரைந்தது. ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் தெரிந்தது. பல் வைத்த சக்கரம்.

சிகரெட் லைட்டர்.

குழாயை மூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை வடக்கிலிருந்து ஒரு துருக்கிய அம்மா ஊர்க் காபிக்கடைக்கு வருவாள். எழுபத்து நாலில் கிரேக்கரும் துருக்கியரும் மோதித் தீவே இரண்டான சண்டையில் மேல்தெருவிலிருந்து காணாமல் போன தன் மூன்று அண்ணன்களின் போட்டோவை மேசை மேசையாகக் காட்டுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று அப்பாதான் அவளுக்குக் காபி சொல்வார்.

எழுந்து ஒலிவ மரத்தடிக்குப் போனான். என்ன கேட்பது என்று தெரியவில்லை. லைட்டரை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான்.

கிழவரின் கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டே போய்ச் சக்கரத்தில் நின்றது.

"நயீமோடது," என்றார். "இதை அவன் கையை விட்டு வைக்கவே மாட்டான்."

பிறகு, பூச்சிமருந்து அடித்தாயா என்று கேட்பது போல, சாதாரணமாகச் சொன்னார்.

"மத்த ரெண்டு பேரும் எலுமிச்சை மரத்துப் பக்கம். அங்க ஆழமா தோண்டாத."

எலுமிச்சை மரத்துப் பக்கம்தான் ஸ்தாலோ சமையலறை கேட்டிருந்தாள்.