நீல நோட்டில் ஒரு தேதி

பங்குக் கோயில் அலுவலகத்தில் மழை விட்ட வெயில் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. மேசையில் இரண்டு நோட்டுகள். பூசையில் வேண்டிக்கொள்ள, உயிரோடு இருப்பவர்களின் பெயர் பச்சை நோட்டில். இறந்தவர்களின் பெயர் நீலத்தில். நாளை கல்லறைத் திருநாள் என்பதால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. செலினைப் பார்த்ததும் பெயர் எழுதும் உபதேசியார் மரியதாஸ் வழக்கம்போலப் பச்சையை இழுக்கிறார். அவள் கணவன் பிரகாஷ் ஊர் திரும்ப ஏறிய விமானம் காணாமல் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அத்தனை வருடமும் அவன் பெயர் பச்சையில்தான்.

“நீலத்துல எழுதிடுங்கண்ணா,” என்கிறாள் செலின், குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில். மரியதாஸ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றிப் பெயரை எழுதுகிறார். “வருசா வருசம் பூசை வெக்கணும்மா. எறந்த தேதி இன்னா போடட்டும்?” தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. செலின் மேசை விளிம்பில் பெயர்ந்திருக்கும் மரச்சிம்பை நகத்தால் அழுத்துகிறாள். “இன்னாடி நின்னுக்கினே கீற? வில்லியனூர் பஸ்ஸு போயிடும்டி,” என்று பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும், கூட வந்த அந்தோணி மேரி, நீல நோட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறாள்.

“பதினொண்ணாந்தேதி ராத்திரி பிளேன் ஏறுறப்போ பேசினாரு,” என்கிறாள் செலின்.

“அப்போ பதினொண்ணு போடட்டா?”

“வேணாண்ணா. பன்னெண்டுன்னு போடுங்க. காலைல எறங்கினதும் கூப்புடுறேன்னாரு.”